ஒரு காருக்கு இரண்டு கையெழுத்து

"உங்க பச்சைக் கையெழுத்து இருந்துச்சு மேடம், அதைப் பாத்துதான் நான்..."

"பொய் சொல்லாதே. உன் நீலம் ஏற்கெனவே இருந்துச்சு, அதை நம்பித்தான்..."

"நம்பிட்டீங்களாக்கும்! உங்க கண்ணு எங்க போச்சு?"

"உன் கண்ணு போன இடத்துக்குத்தான்."

மேலாளர் நிமிர்ந்து பார்க்காமல் கை காட்டி இருவரையும் உள்ளே அழைத்தார்.

அவள் பத்தொன்பது வருடமாக அந்தத் தொழிற்சாலையில் கடைசிச் சோதனை பார்ப்பவள். அவன் போன வருடம் கூட்டுச் சேர்ந்த கம்பெனியின் ஆள். வீட்டில் அவளுக்குக் கொழுந்தன். காலையில் அவள் கட்டிக் கொடுத்த சாப்பாடுதான் அவன் பையில் இருந்தது. தொழிற்சாலைக்குள் உறவுமுறை வேண்டாம் என்று முதல் நாளே பேசிவைத்திருந்தார்கள். அதனால்தான் மேடம்.

ஒரே லைனில் இரண்டு கம்பெனிக் கார்களும் மாறி மாறி வரும். உடம்பு ஒன்றுதான், முன்னும் பின்னும் ஒட்டுகிற சின்னம்தான் வேறு. பழைய கம்பெனிக்குப் பச்சை மை, புதிய கம்பெனிக்கு நீலம். இரண்டும் விழுந்தால்தான் கார் வாசலைத் தாண்டும். ஒருவர் விட்டதை மற்றவர் பிடிக்கட்டும் என்ற ஏற்பாடு.

நேற்றுப் போன வெள்ளைக் காரில் முன்பக்கம் ஒரு கம்பெனி, பின்பக்கம் இன்னொன்று. வாங்க வந்தவர் அதை இரண்டு சுற்றுச் சுற்றிவிட்டு, "இதுக்கு அப்பா யாருங்க?" என்று கேட்டாராம்.

மேலாளருக்குச் சிரிப்பு வரவில்லை.

"அடுத்த மாசத்துலேர்ந்து இந்த லைனுக்கு ஒரே கையெழுத்துதான். உங்க ரெண்டு பேர்ல ஒருத்தர்தான் இருப்பீங்க. முதல்ல போட்டவர் காரையே பாக்கல. அடுத்தவர் அவரை நம்பிட்டார். நம்பினவர் இருக்கட்டும்."

"மேடம்தான் சார் முதல்ல. எப்பவும் அவங்கதான்."

"எப்பவும்னா? சாப்பாட்டு மணி அடிக்கிறதுக்குள்ள பேனாவை மூடிட்டு ஓடுறது யாராம்?"

அவன் வேண்டுமென்றே பொய் சொல்லவில்லை. நாளுக்கு நூற்றெழுபது கார். எதில் யார் முந்தினார்கள் என்று யாருக்கு நினைவிருக்கும்?

மேலாளர் அந்த வெள்ளைக் காரின் சோதனைத் தாளை அவர்கள் பக்கம் திருப்பி வைத்தார். அவன் கையெழுத்துக்கு நீளமான வால் உண்டு. வீட்டு வாடகைப் பத்திரத்தில்கூட அது அவள் பெயரின் மேல் ஏறிப் படுத்திருக்கும். இங்கேயும் அவள் கட்டத்துக்குள் நுழைந்திருந்தது. ஆனால் இங்கே அவளுடைய பச்சைதான் பிறகு வந்து அந்த நீல வாலை மிதித்துக்கொண்டு மேலே போயிருந்தது.

அவள் பார்த்தாள். கொஞ்சம் பொறுத்து அவனும் பார்த்தான்.

"எனக்கு ரெண்டும் கிறுக்கலாத்தான் தெரியுது," என்றார் மேலாளர். "ரெண்டு பேரும் ஒரே பேச்சுக்கு வாங்க. யாரு முதல்ல?"

வெளியே அடுத்த கார் வந்து நின்று ஹாரன் அடித்தது. இருவரும் திரும்பவில்லை.

"அண்ணி," என்றான் அவன், மேலாளர் எதிரிலேயே. "நீங்களே சொல்லுங்க."