அமிர்தநாதரின் முகப் பிரகாசம்

அமிர்தநாதர் சீனாய் மலைக்குப் போகவில்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. ஏனென்றால், அவர் போய்வந்தார் என்று வேதப்புத்தகத்தில் கை வைத்துச் சத்தியம் பண்ணக்கூடியவர்கள் கனடாவில், ஸ்காபரோவில் இன்றைக்கும் இருக்கிறார்கள்.

அவர் போனது செங்கடல் கரையில் இருந்த ஒரு ஹோட்டலுக்கு. மலை அங்கிருந்து சில மணி நேரப் பயணம். கலியாணமாகி இருபத்தைந்து வருஷம் ஆகிறதென்று பனிக்காலத்திலேயே பதிந்து வைத்த விடுமுறை அது. பனி கரைவதற்குள் வன்னி யுத்தத்தில் நிலைமை கைமீறிப் போய்விட்டது. சனம் நாளுக்கு நாள் ஒடுங்கி ஒரு கடற்கரைத் துண்டுக்குள் நெருக்குண்டு கிடந்தது. ரொறன்ரோவில் வேலைக்குப் போகிறவர்கள், பள்ளிக்கூடப் பிள்ளைகள் எல்லாரும் கொடியோடு அமெரிக்கத் தூதரகத்துக்கு முன்னால் தெருவில் நின்றார்கள். இந்த நேரத்தில் கடல் குளிக்கப் போகிறேன் என்று எந்த முகத்தோடு சொல்வது? அதுவும் கோயிலின் பங்குச் சபைத் தலைவர்! பயணத்தை நிறுத்தவும் மனம் வரவில்லை. ஆகவே அமிர்தநாதர் பயணத்தை அப்படியே வைத்துக்கொண்டு அதன் பெயரை மட்டும் மாற்றினார். யாத்திரை என்றார்.

"தூதரகத்துக்கு முன்னால நிண்டு கத்தினா அமெரிக்கனுக்குக் கேக்குமோ தெரியாது. சீனாய் மலையில நிண்டு கேட்டா ஆண்டவருக்குக் கேக்கும்," என்று பூசை முடிந்து கோயில் வாசலில் வைத்துச் சொன்னார். அவருக்கே அந்த வசனம் மிகவும் பிடித்துப்போயிற்று. அதனால் இரண்டாந்தரமும் சொன்னார்.

அதோடு கதை முடிந்தது என்று அவர் நினைத்தார். அடுத்த ஞாயிற்றுக்கிழமை சனம் மெழுகுதிரியோடு வந்து நின்றது. ஒவ்வொன்றிலும் ஒரு துண்டுக் கடதாசி ஒட்டி, தம்பியின் பெயர், தாயின் பெயர், பிள்ளையின் பெயர் எழுதியிருந்தார்கள். மலையில் ஏற்றிவிட வேண்டுமாம். வேண்டாம் என்று எப்படிச் சொல்வது? ஒரு பெரிய பிளாஸ்ரிக் பை நிரம்பிவிட்டது.

கடைசியாக வந்தவள் கிறிஸ்ரினா. மார்க்கம் நகரத்தில் கந்தோர்க் கட்டடங்கள் துப்புரவாக்குகிறவள். மகனைத் தமக்கையிடம் விட்டுவிட்டுக் கனடா வந்தவள். அந்த மகன் இப்போது அந்தக் கடற்கரைத் துண்டுக்குள் நின்றான். எல்லாவற்றையும்விடத் தடித்த மெழுகுதிரி அவளுடையதுதான்.

"கடைசி மட்டும் எரிஞ்சுதெண்டா பிள்ளை உயிரோட இருக்கிறான் எண்டு நம்புவன் அண்ணை. பாதியில அணைஞ்சாலும் மறைக்காமச் சொல்லுங்கோ," என்றாள்.

"கட்டாயம் பிள்ளை," என்றார் அமிர்தநாதர்.

அவருடைய மனைவி கிளடிஸும் வீட்டிலிருந்து ஒரு மெழுகுதிரியைக் கொண்டுவந்து அதே பைக்குள் வைத்தாள். அவளுடைய தம்பி அன்ட்ரூ, பேசாலைக் கடலில் சங்கு குளித்தவன், இடம்பெயர்ந்து இடம்பெயர்ந்து அவனும் அங்கேதான் போய்ச் சேர்ந்திருந்தான்.

ஹோட்டலின் முன்மண்டபத்தில் சுற்றுலாக்களை எழுதிய ஒரு பலகை இருந்தது. ஒரு பக்கம், சீனாய் மலை: இரவிரவாக நடந்து ஏறவேண்டும், சாப்பாடு கிடையாது. மறுபக்கம், 'பாலைவனப் பண்பாடும் பவளப்பாறையும்': இரண்டும் ஒரே நாளில், ஜீப், ஒட்டகச் சவாரி, மத்தியானச் சாப்பாடு, கடலுக்குள் பவளப்பாறை பார்க்கக் கண்ணையும் மூக்கையும் மூடுகிற மாஸ்க்கும் மூச்சுக்குழாயும். அமிர்தநாதர் இந்தப் பலகைக்கு முன்னால் நெடுநேரம் நின்று ஆண்டவரின் சித்தத்தை ஆராய்ந்தார். ஆண்டவர் அவருடைய வலது முழங்கால் வலியின் மூலமாகப் பதில் சொன்னார்.

"மலைக்குப் போகேல்லையோ?" என்று கேட்டாள் கிளடிஸ்.

"பாலைவனமும் சீனாய்தானே. மோயீசன் தன்ர சனத்தோட நாப்பது வருஷம் இதுக்குள்ளதான் திரிஞ்சவர். மெழுகுதிரியை அங்க ஏத்துவம்."

போன இடத்தில் பாலைவனப் பண்பாடு ஒரு கூடாரத்துக்குள் தயாராக இருந்தது. நீள அங்கி போட்ட ஒருவர் தேநீர் ஊற்றினார். ஜீப் வரும் சத்தம் கேட்டபிறகுதான் தலைத்துண்டைக் கட்டியிருக்க வேண்டும், ஒரு பக்கம் தொங்கிக்கொண்டிருந்தது. இரண்டு பெடியங்கள் மேளம் அடித்தார்கள். ஒட்டகம் எல்லாரையும் ஒரு சுற்றுச் சுற்றி இறக்கிவிட்டது. பரம்பரை ரொட்டி என்று கொடுத்ததைப் பிய்த்துத் தின்றபடி, "என்ன இருந்தாலும் அவையள் தங்கட பண்பாட்டை விடேல்லைப் பாரும்," என்று அமிர்தநாதர் நெகிழ்ந்தார். கிளடிஸ் மெழுகுதிரிப் பையைத் தூக்கிக்கொண்டு அவருடைய தோளைத் தட்டினாள். அதற்குள் சாரதி ஹோன் அடித்துவிட்டான். பவளப்பாறைக்கு நேரமாகிறதாம்.

"பின்னேரம் ஏத்துவம், வாரும்," என்றார்.

பை ஜீப்பிலேயே இருந்தது. சாரதி கண்ணாடிகளை இழுத்து மூடிப் பூட்டி, வெய்யிலில் நிறுத்திவிட்டு நித்திரைக்குப் போனான்.

அமிர்தநாதர் பேசாலையில் பிறந்தவர்தான். ஆனால் முழங்காலுக்கு மேல் கடலில் இறங்கியவர் அல்லர். மிதவை அங்கியைக் கட்டி, மாஸ்க்கைப் போட்டு, குழாயை வாயில் கவ்விக்கொண்டு இறங்கியவர், ஒருதரம் முகத்தைத் தண்ணீருக்குள் வைத்தார். ஒருதரம் உப்புத்தண்ணி குடித்தார். அத்தோடு மல்லாக்கத் திரும்பிவிட்டார். பவளப்பாறை பார்க்கப் போன மனிதர் மாஸ்க்கும் குழாயுமாக அரைநாள் முழுக்க வானத்தைப் பார்த்துக்கொண்டு மிதந்தார். சுகமாகத்தான் இருந்தது. ஒரு கண் தூங்கியும்விட்டார்.

கிளடிஸ் குப்புறக் கிடந்து எல்லாவற்றையும் பார்த்தாள். மேலே வந்து மூச்சு வாங்கியபோது அவள் முகம் மலர்ந்திருந்தது. "அன்ட்ரூ இதுக்குள்ள இறங்கியிருந்தா ஒரு மூச்சில நாலு சங்கு எடுத்திருப்பான்," என்றாள். சொன்ன வாய் மூடுவதற்குள் முகம் சுருங்கிவிட்டது. பிறகு அவள் தலையைத் தண்ணீருக்குள் வைக்கவில்லை.

ஜீப்பைத் திறந்தபோது மெழுகுதிரி என்று ஒன்றும் இல்லை. பைக்குள் ஒரே கட்டி. பெயர் எழுதிய கடதாசிகள் உள்ளே புதைந்துபோயிருந்தன. திரிகள் மட்டும் அங்கொன்றும் இங்கொன்றுமாக வெளியே தலை நீட்டிக்கொண்டிருந்தன. யாருடையது எது என்று பிரித்தெடுக்க வழியில்லை. அமிர்தநாதர் அதைக் குப்பைத்தொட்டியில் போடப் போனார். கிளடிஸ் அவருடைய கையிலிருந்து பறித்து மடியில் வைத்துக்கொண்டாள்.

ஹோட்டலுக்குத் திரும்பினால், குடிபானங்கள் விற்கிற மூலையில் ஒரு தொலைக்காட்சி சத்தமில்லாமல் ஓடியது. சிவப்புப் பட்டையில் இலங்கை என்று ஆங்கிலத்தில் எழுத்து வந்தது. யுத்தம் முடிந்துவிட்டதாம். அது எப்படி முடிந்திருக்கும் என்று கிளடிஸுக்கு யாரும் சொல்லவேண்டியிருக்கவில்லை. நின்ற இடத்திலேயே, ஈரத் துவாயோடு, தரையில் இருந்துவிட்டாள். அமிர்தநாதரும் அழுதார், அது பொய்யில்லை. அழுது முடித்து முகம் கழுவக் கண்ணாடிக்கு முன்னால் போனபோதுதான் அடுத்த இடி காத்திருந்தது. நெற்றி, தாடை, கழுத்தெல்லாம் கருகிச் சிவந்திருக்க, கண்ணையும் மூக்கையும் சுற்றி மாஸ்க் இருந்த இடம் மட்டும் வெள்ளை வெளேரென்று பளிச்சிட்டது.

கிளடிஸின் பவுடர் அதற்குப் போதவில்லை. மலையில் மணற்காற்று, அதற்காகக் கண்ணாடி போட்டிருந்தேன் என்று ஒரு கதையை விமானத்தில் இருந்தே பாடமாக்கிக்கொண்டு வந்தார். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து, கோயிலின் கீழ்த்தளத்தில் ரோல்ஸும் தேத்தண்ணியும் கொடுக்கிற இடத்துக்கு அவர் இறங்கியபோது பேச்சு நின்றுவிட்டது. எல்லாருடைய கண்ணும் அழுது வீங்கியிருந்தது. எல்லாக் கண்ணும் அவருடைய முகத்தைப் பார்த்தது.

வேரோனிக்கா அன்ரிதான் முதலில் வாய் திறந்தார். செபமாலைக் கூட்டம் நடத்துகிறவர். அவர் சொன்னால் அந்தப் பங்கில் மறுபேச்சு இல்லை.

"மோயீசன் சீனாய் மலையால இறங்கி வரேக்க, ஆண்டவரைக் கண்டதால அவற்ற முகம் பிரகாசிச்சது எண்டு வேதாகமத்தில கிடக்கு," என்றார். சிலுவைப்பாதையில் ஆண்டவரின் முகம் துடைத்தவளின் பெயருக்கேற்றபடி தன் கைலேஞ்சியை எடுத்து அமிர்தநாதரின் முகத்தை அழுத்தித் துடைத்துப் பார்த்தார். வெள்ளை போகவில்லை. அன்ரி சிலுவை போட்டுக்கொண்டார். பின்னால் நின்றவர்களும் போட்டுக்கொண்டார்கள்.

மணற்காற்றுக் கதை அமிர்தநாதரின் தொண்டையிலேயே நின்றது. அவர் ஒரு பொய்யும் சொல்லவில்லை. சொல்லவேண்டிய தேவையே வரவில்லை. அடக்கமாகத் தலையை மட்டும் குனிந்துகொண்டார். அந்தக் குனிவு மிகவும் நன்றாக அமைந்துவிட்டது.

அப்போது கிறிஸ்ரினா சனத்தை விலக்கிக்கொண்டு வந்தாள். "அண்ணை, என்ர பிள்ளையின்ர மெழுகுதிரி?"

அமிர்தநாதர் கிளடிஸைப் பார்த்தார். கிளடிஸ் ரோல்ஸ் தட்டைப் பார்த்தாள்.

"முழுக்க உருகினது பிள்ளை," என்றார்.

"கடைசி மட்டுமோ?"

"ஒரு பொட்டும் மிச்சமில்லாம."

கிறிஸ்ரினா அவருடைய கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். எத்தனையோ நாளைக்குப் பிறகு அவள் ஒரு ரோல்ஸ் எடுத்துச் சாப்பிட்டாள். உருகினது உண்மைதானே, நான் எரிந்தது என்று சொன்னேனா என்று அமிர்தநாதர் தன் மனச்சாட்சிக்கு அங்கேயே கணக்குத் தீர்த்தார். பிறகு மற்றவர்கள் வந்தார்கள். தம்பி, தாய், பிள்ளை. எல்லாம் உருகினது என்றார் அவர். எல்லாரும் உயிரோடு இருந்தார்கள்.

அந்தக் கிழமை செட்டிகுளம் அகதி முகாமிலிருந்து ஒரு தொலைபேசி வந்தது. அன்ட்ரூவோடு கடைசியாக நின்ற ஒருவர், எங்கே விழுந்தான், எந்தப் பனைக்குக் கீழே மூடினார்கள் என்று சொல்லிவிட்டு, மற்றவர்களும் வரிசையில் நிற்கிறார்கள் என்று வைத்துவிட்டார். கிளடிஸ் தொலைபேசியை நெடுநேரம் காதிலேயே வைத்திருந்தாள்.

அடுத்த ஞாயிறு இறந்தவர்களுக்கான பூசை. இழந்த உறவுகளின் பெயரைச் சொல்ல விரும்புகிறவர்கள் முன்னால் வரலாம் என்று ஃபாதர் அழைத்தார். கோயில் நிரம்பி வழிந்தது. ஒருவரும் எழும்பவில்லை. மெழுகுதிரி எரிந்து முடிந்த பிள்ளைக்கு யார் சாவுப் பூசை வைப்பார்கள்? அத்தனை பெரிய யுத்தத்தில் அந்தப் பங்குக்கு மட்டும் ஒரு சாவுகூட இல்லை. ஃபாதர் ஒலிவாங்கியைப் பிடித்தபடி திகைத்துப்போய் நின்றார்.

கிளடிஸ் எழும்பிப் போனாள். "அன்ட்ரூ. என்ர தம்பி," என்றாள். அவ்வளவுதான். திரும்பி வந்து இருந்தாள்.

பூசை முடியக் கீழ்த்தள மண்டபத்தில் எல்லாரும் அவளைச் சூழ்ந்துகொண்டார்கள். கிறிஸ்ரினா அவளைக் கட்டிப் பிடித்து அழுதாள். பிறகு, வஞ்சகம் எதுவும் இல்லாமல், அமிர்தநாதரைத் திரும்பிப் பார்த்துக் கேட்டாள். "அப்ப அக்காவின்ர மெழுகுதிரி அணைஞ்சு போச்சோ அண்ணை?"

மண்டபமே பதிலுக்குக் காத்து நின்றது. உண்மையைச் சொல்ல அமிர்தநாதருக்கு அதைவிட நல்ல இடம் இனிக் கிடைக்காது. வாயைத் திறந்தார். கிறிஸ்ரினாவின் முகத்தைப் பார்த்தார். வேரோனிக்கா அன்ரியைப் பார்த்தார். தலைவர் பதவியையும் ஒருதரம் நினைத்துக்கொண்டார்.

"ஓம். காத்துக்கு... அது ஒண்டு மட்டும் அணைஞ்சு போச்சு," என்றார்.

"விசுவாசத்தில எங்கையோ குறை வந்திட்டுதாக்கும்," என்று வேரோனிக்கா அன்ரி பெருமூச்சு விட்டு, கிளடிஸின் தலையைத் தடவினார். கிளடிஸ் தலையைக் கொடுத்துக்கொண்டு நின்றாள்.

வீட்டுக்குள் வந்ததும் சப்பாத்தைக்கூடக் கழற்றாமல் குசினிக்குப் போனாள். அலுமாரியின் அடியிலிருந்து அந்த மெழுகுக் கட்டியை எடுத்துக் கேக் தட்டில் வைத்தாள். பையின் பிளாஸ்ரிக் இன்னும் அங்கங்கே ஒட்டியிருந்தது. தீப்பெட்டியை எடுத்தாள்.

"இஞ்சரும், அவ்வளவு சனத்துக்கு முன்னால நான் வேற என்னத்தைச் சொல்லுறது?" என்று பின்னாலேயே வந்தார் அமிர்தநாதர். "என்ன செய்யிறீர்?"

"நீங்கள் செய்யிறன் எண்டு போன வேலையை."

ஒவ்வொரு திரியாகக் கொளுத்தினாள். எது அன்ட்ரூவினுடையது என்று தெரியாதபடியால் ஒன்றையும் விடவில்லை. கட்டி முழுக்கச் சுடர் நின்றது. பிளாஸ்ரிக் பொசுங்கிக் கரும்புகை மேலே எழும்பியது. கூரையிலிருந்த புகை அலாரம் காது வெடிக்க அலறத் தொடங்கியது.

அமிர்தநாதர் பாத்திரம் துடைக்கிற துவாயைப் பறித்துக்கொண்டு, முழங்கால் வலியெல்லாம் மறந்து, கதிரையில் பாய்ந்து ஏறினார். புகையைக் கலைக்க விசுக்குவதற்காகக் கையை ஓங்கினார். ஓங்கிய கை அப்படியே நின்றது. காற்று கீழேயும் அடிக்குமே.

"ஏன் நிண்டிட்டீங்கள்? விசுக்குங்கோ," என்றாள் கிளடிஸ். அவள் அழவில்லை. "என்ர தம்பி இதுக்குள்ளதான் நிக்கிறான். கிறிஸ்ரினாவின்ர பெடியனும் இதுக்குள்ளதான் நிக்கிறான். நல்லா விசுக்குங்கோ. எது எது அணையுதெண்டு வடிவாப் பாத்து, வாற ஞாயிறு அவையளுக்குச் சொல்லுங்கோ."

அலாரம் அலறிக்கொண்டேயிருந்தது. பக்கத்து வீட்டுக்காரர் சுவரில் தட்டினார். அமிர்தநாதர் கதிரையின் மேல், ஓங்கிய துவாயோடு, கண்ணைச் சுற்றி வெளுத்த அந்த முகத்தோடு, கீழே ஒரு திரியாவது அணைந்துவிடுமோ என்று பயந்து, மூச்சை அடக்கிக்கொண்டு நின்றார்.