செல்லதுரை வைத்த உலை

செல்லதுரை தைரியசாலி என்று அவனைப் பெற்றவள்கூடச் சொன்னதில்லை. டூரிங் கொட்டகையில் சண்டைக் காட்சி வந்தால் முறுக்கு வாங்கும் சாக்கில் எழுந்து வெளியே போய்விடுவான். சண்டை முடிந்துவிட்டதா என்று யாரிடமாவது கேட்டுக்கொண்டுதான் உள்ளே வருவான். இதை அவன் பெண்டாட்டி அம்சவல்லி தெருவெல்லாம் சொல்லிச் சிரிப்பாள். அவனும் கூடச் சேர்ந்து சிரிப்பான். அப்படி ஒரு மனுஷன்.

அந்த வருஷம் கீழ்வேளூர்ப் பக்கம் எங்கே போனாலும் ஒரே பேச்சு. மிராசுதார்களின் மனையில் குடிசை போட்டிருக்கும் விவசாயக் கூலிகளுக்கு அந்த மனையே சொந்தம் என்று சென்னையில் சட்டம் போட்டுவிட்டார்கள். ரெவின்யூ இன்ஸ்பெக்டர் வீடு வீடாக வந்து, ஆள் குடியிருக்கிறார்களா என்று கண்ணால் பார்த்துக் குறித்துக்கொண்டு போவார். ஆள் இல்லையென்றால் மனை பண்ணைக்கே போய்விடும். செல்லதுரையின் குடிசை பண்ணைக் களத்தை ஒட்டி, தெருவை விட்டுத் தள்ளி இருந்தது. பண்ணைக் காரியக்காரர் கோவிந்தராசுவுக்கு அதன்மேல் வெகு நாளாக ஒரு கண்.

இன்ஸ்பெக்டர் வருவதாக இருந்த அன்று காலையில் தெருவே நடவுக்குப் போயிருந்தது. காலில் முள் குத்தி வீங்கியதால் செல்லதுரை மட்டும் வீட்டில் கிடந்தான்.

"மத்தியானத்துக்குள்ள ஓடியாந்துடுறேன். நீ சோத்த மட்டும் வடிச்சு வையி. ஒரு நாளாவது அடுப்பு மூஞ்சியப் பாரு," என்று சொல்லிவிட்டுப் போனாள் அம்சவல்லி.

உலை வைத்து அரிசியும் போட்டாயிற்று. கொதி வருகிற சமயத்தில் குடிசைக்குள் திடீரென்று வெளிச்சம் விழுந்தது. நிமிர்ந்து பார்த்தால் தலைக்கு மேல் வானம். கோவிந்தராசு கூட்டி வந்திருந்த அசலூர் ஆட்கள் கூரைக் கீற்றைப் பிரித்து எறிந்துகொண்டிருந்தார்கள்.

"டேய், இது பண்ணை மாட்டுக் கொட்டா. வெளிய வாடா," என்றார் கோவிந்தராசு.

செல்லதுரைக்கு ஓடிவிடலாம் என்றுதான் முதலில் தோன்றியது, அதை மறைப்பானேன்? ஆனால் ஓடிவிட்டால், அம்சவல்லி சேற்றுக் காலோடு திரும்பி வந்து எங்கே நிற்பாள்? அந்த நினைப்பு அவனை எழுந்திருக்க விடவில்லை.

"சோறு கொதிக்குதுங்கய்யா," என்றான்.

"அடுப்ப அணைச்சுட்டு அவன வெளிய இழுங்கடா!"

ஆட்கள் உள்ளே வந்தார்கள். பானையில் அரிசி தளதளவென்று கொதித்தது. முன்னால் வந்த பக்கிரி அப்படியே நின்றுவிட்டான்.

"கூரையப் பிரிக்கச் சொன்னீங்க, பிரிச்சோம். அரிசி வேகுற அடுப்புல கால வைக்கச் சொல்லாதீங்கய்யா. நானும் புள்ளகுட்டிக்காரன்."

மற்றவர்களும் பின்வாங்கினார்கள். கோவிந்தராசுவுக்கே அந்த அடுப்பைத் தொட மனம் வரவில்லை. "சரி, வடிக்கட்டும். வடிச்ச உடனே இழுத்துப் போடுங்க," என்று முணுமுணுத்தபடி களத்தில் போய் உட்கார்ந்தார்.

அப்போதுதான் செல்லதுரைக்கு மூளை வேலை செய்தது. வடித்தால்தானே? பானையில் ஒரு செம்பு தண்ணீரை ஊற்றினான்.

"ஆச்சாடா?"

"இன்னும் வேவலைங்கய்யா."

இன்னொரு செம்பு. சோறு குழைந்தது, குழைந்தது கஞ்சியானது, கஞ்சி பசையானது. தேர்தல் சமயமாக இருந்தால் ஊர் முழுக்கச் சுவரொட்டி ஒட்டியிருக்கலாம். நடுவில் தூறல் வேறு. பிரித்துப் போட்ட கீற்றில் ஒன்றை எடுத்து ஒரு கையால் அடுப்புக்கு மேல் பிடித்துக்கொண்டு, மறு கையால் துழாவினான். முதுகெல்லாம் நனைந்தது. அகப்பை பானையில் கடகடவென்று இடித்தது.

"என்ன அரிசிடா அது, கருங்கல்லா?"

"நீங்க கூலியா அளந்த பண்ணை நெல்லுதாங்கய்யா."

பக்கிரி துண்டால் வாயைப் பொத்திக்கொண்டான்.

ஒருவழியாக இன்ஸ்பெக்டர் சைக்கிளில் வந்து இறங்கினார். அவரைப் பார்த்ததும் நடவுப் பெண்களும் வயலிலிருந்து ஓடி வந்தார்கள்.

"மாட்டுக் கொட்டா சார். கூரைகூட இல்ல பாருங்க," என்றார் கோவிந்தராசு.

இன்ஸ்பெக்டர் உள்ளே எட்டிப் பார்த்தார். கீற்றைக் குடையாகப் பிடித்தபடி ஒருவன் பானையைத் துழாவிக்கொண்டிருந்தான்.

"என்னப்பா செய்யற?"

செல்லதுரை தட்டில் ஓர் அகப்பை ஊற்றி நீட்டினான். அவர் தயங்காமல் வாங்கி ஒரு வாய் குடித்தார். முகம் அஷ்டகோணலாகியது.

"உப்பே போடலையேப்பா!" என்றவர் கோவிந்தராசு பக்கம் திரும்பினார். "ஏங்க, உங்க ஊர்ல மாடுதான் சமைக்குதுன்னு எழுதிக்கட்டுமா?"

பெண்கள் சிரித்த சிரிப்பில் களத்துக் காக்கையெல்லாம் பறந்தன. கோவிந்தராசு வேட்டியை உதறிக்கொண்டு நடையைக் கட்டினார். இன்ஸ்பெக்டர் மனையைப் புருஷன் பெண்டாட்டி இரண்டு பேர் பேரிலும் குறித்துக்கொண்டார். பொழுது சாய்வதற்குள் கூரை மறுபடி ஏறிவிட்டது. கீற்றைக் கட்ட முதலில் மேலே ஏறியவன் பக்கிரிதான்.

எல்லோரும் போன பிறகும், கீற்றைப் பிடித்திருந்த செல்லதுரையின் கை முழுதாக இறங்க மறுத்தது. அம்சவல்லி அதை மெல்லப் பிடித்துத் தன் மடியில் இறக்கி வைத்தாள்.

"பயமா இல்லையாய்யா?"

"பயந்துகிட்டேதான் இருந்தேன், புள்ள."

அவள் அந்தப் பசையைத் தட்டு நிறைய ஊற்றிக்கொண்டு, கண் கலங்க, ஒரு சொட்டு விடாமல் குடித்தாள்.

"நல்லாத்தான் இருக்கு," என்று பச்சைப் பொய் சொன்னாள்.