ரத்து செய்ய முப்பது விநாடி

நாற்பத்தேழு வயதில், வருஷத்துக்கு ஐயாயிரம் கிலோமீட்டர் சைக்கிள் மிதிக்கிறவனை என்ன சொல்வீர்கள்? பைத்தியம் என்பீர்கள். தாராளமாகச் சொல்லுங்கள். வாரத்தில் ஆறு நாள் மூக்குக்கண்ணாடிக் கடையின் பின்னறையில் லென்ஸைத் தீட்டி ஃப்ரேமில் பொருத்துகிறேன். வாடிக்கையாளர் முகத்தைக்கூடப் பார்ப்பதில்லை. சீட்டில் நம்பர் வரும், அவ்வளவுதான். ஞாயிறு ஒரு நாள்தான் மனுஷர்களைப் பார்க்கிறேன், அதுவும் மணிக்கு முப்பது கிலோமீட்டர் வேகத்தில்.

எதிரே இன்னொரு சைக்கிள்காரன் வந்தால் ரெண்டு பேரும் லேசாகத் தலையாட்டிக்கொள்வோம். சில ஞாயிறுகளில் என் மொத்தப் பேச்சுவார்த்தையே அதுதான். எதிர்க்காற்றைத் திட்டுவதையும் சேர்த்துக்கொண்டால் கொஞ்சம் கூடும்.

அக்காவோடு பேச்சு நின்று ரெண்டு வருஷம். சொந்தக்காரர்கள் கூடியிருந்த இடத்தில், "இவனுக்கு ஏன் கல்யாணம் ஆகலைன்னு கேக்கறீங்களே, இந்த இறுக்கமான சைக்கிள் டவுசரைப் பாத்துட்டு எவ வருவா?" என்றாள். எல்லோரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். எனக்குச் சுருக்கென்றது. எழுந்து வந்துவிட்டேன். அவளே கூப்பிடட்டும் என்று நான்; அவனே வரட்டும் என்று அவள். ரோஷத்தில் நாங்கள் ஒரே வயிற்றுப் பிள்ளைகள்தான்.

ஆனால் ஹேண்டில்பாரில் மாட்டியிருக்கும் மீட்டருக்கு இதெல்லாம் தெரியாது. நான் விழுந்தால் அது தானாகவே ஒருத்தருக்குச் செய்தி அனுப்பும், இடத்தையும் சேர்த்து. வாங்கிய அன்று அக்கா நம்பரைத்தான் போட்டு வைத்தேன். மாற்றிவிடலாம் என்று எத்தனையோ தடவை உட்கார்ந்திருக்கிறேன். மாற்றி யார் நம்பரைப் போடுவது? முதலாளி நம்பரையா? "அப்போ திங்கட்கிழமை லீவா?" என்றுதான் கேட்பார்.

போன ஞாயிறு, நாற்பதாவது கிலோமீட்டரில் ஒரு டீக்கடையில் நின்றேன். இந்த மாதிரி சைக்கிளுக்கு ஸ்டாண்டு கிடையாது. இருநூறு கிராம் எடை கூடிவிடுமாம்! தொப்பையில் அஞ்சு கிலோவைச் சுமந்துகொண்டு இருநூறு கிராமுக்கு அழுகிற ஆசாமிகள் நாங்கள். மீட்டரை நிறுத்தாமல் சைக்கிளைச் சுவரில் சாய்த்துவிட்டு டீ சொன்னேன். ஒரு லாரி போன வேகத்தில் சைக்கிள் தடாலென்று விழுந்தது. மீட்டர் வீல் வீலென்று கத்தியது. திரையில் 'விபத்து' என்று வந்தது. செய்தி போக முப்பது விநாடி. இருபத்தொன்பது. இருபத்தெட்டு.

ஒரு பொத்தானை அழுத்தினால் ரத்தாகிவிடும். ஓடிப்போய்க் குனிந்தேன். விரலையும் வைத்தேன். ஆனால் அழுத்தவில்லை. எனக்கு ஒன்று என்றால் அவள் பதறுவாளா, மாட்டாளா? தெரிந்துகொள்ள இதை விட்டால் வேறு வழி இல்லை என்று அந்த நேரத்துப் புத்தி சொன்னது. பன்னிரண்டு, பதினொன்று. வெட்கமாகத்தான் இருந்தது. செய்தி போய்விட்டது.

போனைக் கையில் பிடித்தபடி பெஞ்சில் உட்கார்ந்தேன். அஞ்சு நிமிஷம். பத்து. இருபது. டீ ஆறி ஆடை கட்டியது.

"அடி கிடி பட்டுச்சா சார்?" என்றார் டீக்கடைக்காரர்.

"சைக்கிளுக்குத்தான்" என்றேன்.

அரை மணி ஆயிற்று. போன் மூச்சே விடவில்லை. சரி, அவ்வளவுதான், நமக்கு ஒரு நாதியும் இல்லை என்று ஏறி மிதித்தேன். கண்ணில் தூசி விழுந்தது என்றெல்லாம் கதை விட மாட்டேன், அழுதேன். கறுப்புக் கண்ணாடிக்குள் அழுதால் ஒருத்தருக்கும் தெரியாது.

பத்து கிலோமீட்டர் போயிருப்பேன், போன் அடித்தது. அக்கா மகள்.

"மாமா! நீங்களா? நீங்களேதானா பேசறீங்க?"

"நான்தான்மா. அம்மா எங்க?"

"மெசேஜ் பாத்த உடனே டாக்சி புடிச்சு அந்த எடத்துக்குக் கெளம்பிட்டாங்க மாமா. ஒரு போன் பண்ணிப் பாரும்மான்னு சொன்னேன். வேண்டாம்டி, வேற யாராவது எடுத்துட்டா நான் என்ன பண்ணுவேன்னு அழுதாங்க. என்னையும் பண்ணக் கூடாதுன்னாங்க. எனக்குத்தான் மனசு கேக்கல."

அக்காவுக்கு அடித்தேன். எடுக்கவில்லை. என் நம்பரிலிருந்து வருகிற போனை எடுக்க அவளுக்குப் பயம். அட முட்டாளே என்று என்னையே திட்டிக்கொண்டு சைக்கிளைத் திருப்பினேன். வாழ்நாளில் அப்படி நான் மிதித்ததே இல்லை.

அப்போதுதான் டாக்சியிலிருந்து இறங்கியிருப்பாள் போல. டீக்கடைக்கு எதிரே, சாலையோரப் பள்ளத்தில் செடிகளை விலக்கி விலக்கிப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அக்கா!"

ஓடி வந்தாள். என் முழங்கை, முழங்கால் எல்லாவற்றையும் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "எங்கடா அடி? எங்கடா?"

பொய் சொல்லியிருக்கலாம். வாய் வரவில்லை.

"விழவே இல்லக்கா. சைக்கிள் மட்டும்தான் சரிஞ்சுது. நீ கூப்பிடுவியான்னு பாக்கத்தான் அப்படியே விட்டுட்டேன்."

பளாரென்று ஒன்று விட்டாள். டீக்கடைக்காரர் எழுந்தே நின்றுவிட்டார். பிறகு என் ஹெல்மெட்டை அவளே கழற்றி, நான் சொன்ன எதையும் நம்பாமல், எங்காவது வீங்கியிருக்கிறதா என்று என் தலை முழுக்க விரல்களால் தடவித் தடவிப் பார்த்தாள்.