நாலாவது ஸ்க்ரூ

சின்னவனுக்குத் தலை நரைத்தும் அக்கா வைத்த அந்தப் பெயர் போகவில்லை. அலங்காரத்துக்கு வீட்டில் வைப்பவர்களுக்காகப் பழைய பெட்ரோல் பம்புகளைத் துரு போக்கி, பெயின்ட் அடித்துப் புதுப்பித்துக் கொடுப்பது அவன் தொழில். யார் யார் வீட்டுப் பம்பையோ எல்லாம் மினுக்கிக் கொடுத்தவன், அக்கா வீட்டுப் பம்பை மட்டும் "அடுத்த வாரம் எடுத்துக்கறேன்க்கா" என்று தள்ளிக்கொண்டே வந்தான். அத்தான் தன் பெட்ரோல் பங்க்கை மூடியபோது விற்க மனம் வராமல் வீட்டு வாசலில் கொண்டுவந்து நிறுத்திய பம்பு அது. "இது முள்ளு சுத்தறத இன்னொரு தடவ பாத்துடணும்டா" என்று பார்க்கும்போதெல்லாம் கேட்டவர், ஒரு மழைக்காலத்தில் படுத்தார். எழுந்திருக்கவில்லை.

அதன் பிறகுதான் சின்னவன் பம்பைத் தன் பட்டறைக்கு ஏற்றிவர வண்டியை எடுத்துக்கொண்டு போனான்.

பம்பின் முகத்தில், லிட்டர் காட்டும் முள்ளை மூடி ஒரு வட்டக் கண்ணாடி. அதன் உட்பக்கம், ஓரத்தில், பச்சை பெயின்ட்டில் ஒரு பறவை. வாடிக்கை இல்லாத ஒரு மத்தியானம் அத்தான் வரைந்தது.

"கிளி வரையறேன்னு உக்காந்து கோழிய வரைஞ்சு வச்சிருக்கார் மனுஷன்." அக்கா சிரிக்க ஆரம்பித்துப் பாதியில் நிறுத்தினாள். "எத வேணா மாத்துடா. இந்தக் கண்ணாடி மட்டும் இப்படியே இருக்கட்டும்."

"நான் பாத்துக்கறேன். ஞாயித்துக்கிழமை வா, முள்ளு சுத்தும்."

அவள் நாள் கேட்கவே இல்லை. அவனாகத்தான் வாயைக் கொடுத்து மாட்டிக்கொண்டான்.

முள்ளைச் சரிசெய்யக் கண்ணாடியைக் கழற்ற வேண்டும். அதைச் சுற்றியிருந்த வளையத்தை நாலு ஸ்க்ரூக்கள் பிடித்திருந்தன. நாலும் துருவேறி இறுகிக் கிடந்தன. எண்ணெய் விட்டு ஊறவைத்து, கொஞ்சம் முன்னே, கொஞ்சம் பின்னே என்று கொஞ்சிக் கொஞ்சித் திருப்பியதில் மூன்று வந்துவிட்டன. நாலாவது அசையவில்லை. சனிக்கிழமை மத்தியானத்துக்குள் அதன் தலையில் இருந்த பள்ளமும் தேய்ந்து, திருப்புளி வழுக்க ஆரம்பித்தது.

டீ கொண்டுவந்த மனைவி எட்டிப் பார்த்தாள். "இன்னும் ரெண்டு நாள் ஊறட்டுமேங்க. அண்ணி என்ன, அவசரமா கேட்டாங்களா?"

"அத்தான்கிட்ட சொல்லிச் சொல்லித் தவறினது போதாதா? நாளைக்குன்னா நாளைக்குத்தான்."

சுத்தியலால் அடித்தால் அந்த வேகத்தில் தானே திரும்பும் திருப்புளி ஒன்று அவனிடம் இருந்தது. கண்ணாடி பக்கத்தில் அதை வைக்கக் கூடாதென்று அவனே எத்தனையோ பேரைத் திட்டியிருக்கிறான். கண்ணாடி மேல் துணியை மடித்து வைத்துவிட்டு ஓர் அடி அடித்தான். ஒன்றுமில்லை. கொஞ்சம் ஓங்கி இன்னொன்று.

துணிக்கு அடியில் 'டிக்' என்று ஒரு சத்தம். துணியை எடுக்கவே கை வரவில்லை அவனுக்கு.

மறுநாள் அக்கா வந்தபோது, துண்டுகளைப் பழைய செய்தித்தாளில் பரப்பி வைத்திருந்தான். பச்சை பெயின்ட் பல இடங்களில் உதிர்ந்து, பறவை எது, கீறல் எது என்று தெரியவில்லை.

"என் அவசரம்க்கா. அந்தப் பாழாப்போன ஸ்க்ரூ..." என்றான் சின்னவன்.

அக்கா ஒரு துண்டை எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள்.

"கழட்டறதுக்கு முன்னாடி நான் எடுத்த போட்டோ இருக்கு, நல்ல பெயின்டரா பாத்து அதே மாதிரி வரையச் சொல்றேன்க்கா."

"வேண்டாம்டா. நல்ல பெயின்டர் வரைஞ்சா அது கிளியாவே வந்துடும்."

திட்டியிருந்தால் தேவலை என்று இருந்தது அவனுக்கு. அவள் செய்தித்தாளை நாலு பக்கமும் மடித்து, பொட்டலமாகக் கட்டி, ஆட்டோவில் ஏறி மடியில் வைத்துக்கொண்டாள்.

அந்த ஸ்க்ரூ பக்கமே போகாமல் இருந்தவன், புதன்கிழமை சும்மா திருப்புளியை வைத்துப் பார்த்தான். எண்ணெய் உள்ளே இறங்கியிருந்தது. தேய்ந்த பள்ளத்திலேயே பிடித்து, வெண்ணெயில் கத்தி போவது போல் கழன்று உள்ளங்கையில் விழுந்தது. அங்கேயே ஸ்டூலில் உட்கார்ந்து அழுதான்.

பறவை இல்லாத புதுக் கண்ணாடி மாட்டிய பம்பு இப்போது அக்கா வீட்டு வாசலில் நிற்கிறது. முள் அருமையாகச் சுற்றுகிறது. வருகிறவர்கள் எல்லாம் சின்னவனின் கைவேலையைப் புகழ்கிறார்கள். அவன் அங்கே போனால் பம்புக்கு முதுகைக் காட்டித்தான் உட்காருகிறான்.

"அந்தப் பக்கம் வெயில் அடிக்குதேடா, இப்படித் திரும்பி உக்காரேன்" என்பாள் அக்கா.

"இருக்கட்டும்க்கா" என்பான்.