நாலு நிமிடப் பாட்டு

காமயகவுண்டன்பட்டிக் கோயில் திடலில் வேனிலிருந்து பெட்டிகளை இறக்கி முடிக்கும்போது மணி ஆறு. ஞானசிகாமணி வேட்டி நுனியால் கையைத் துடைத்துவிட்டு பேஸ் கிட்டாரைத் தோளில் மாட்டினான். முத்துராஜாவின் இன்னிசைக் குழுவில் பத்தொன்பது வருடமாக அவன்தான் பேஸ். இன்றோடு சரி. புதிதாக வாங்கிய கீபோர்டில் இடது கையே பேஸ் வாசித்துவிடுகிறதாம். திங்கட்கிழமையிலிருந்து அவனுக்குப் போடியில் ஏலக்காய் மூட்டைகளுக்கு நம்பர் எழுதும் வேலை.

போகுமுன் ஒன்றே ஒன்று கேட்டான். தான் போட்ட மெட்டை ஒரு தடவை மேடையில் வாசிக்க வேண்டும்.

குமுளி ஓட்டல் ஒன்றில் கொச்சிக்காரர்களோடு இரண்டு சீசன் ஜாஸ் வாசித்தபோது பிடித்த கிறுக்கு அது. அங்கே பாதிப் பாட்டில் மற்றவர்கள் கையைக் கட்டிக்கொள்வார்கள். பேஸ் மட்டும் தன்பாட்டுக்கு நடந்து போகும். அந்த ருசியில் ஏழு வருடமாக ஒரு மெட்டைக் கட்டினான். வீட்டில் ஆம்ப்ளிபயர் கிடையாது. கிட்டார்க் கட்டையில் தாடையை அழுத்தி வாசித்தால் எலும்பு வழியாக அவனுக்கு மட்டும் கேட்கும். மனைவி செல்வமணி கண்டதெல்லாம் விரல்கள் ஓடுவதைத்தான்.

"கச்சேரிக்கு ஊடால சொருக முடியாது சிகாமணி," என்றான் முத்துராஜா. "சாமி பாட்டுக்கு முந்தி நாலு நிமிசம் வாசிச்சுக்க. அறிவிப்பெல்லாம் வேணாம்."

கிடைத்தவரை லாபம் என்று தலையாட்டினான். அறிவிப்பையாவது கேட்டு வாங்கியிருக்கலாம்.

செல்வமணி மகளோடு முன்வரிசையில் பாய் விரித்திருந்தாள். அவன் கண்ணை மூடி வாசித்தான். இத்தனை காலம் தாடைக்குள் கிடந்தது திடல் முழுக்க அதிர்ந்தது. மூன்றாம் நிமிடத்தில் ஒலிபெருக்கியில் கருத்தக்கண்ணனின் குரல் குறுக்கிட்டது. சவுண்ட் பார்ப்பவன். அது ஒரு பாட்டு என்று அவனிடம் யாரும் சொல்லியிருக்கவில்லை.

"அண்ணே, பேஸ் நல்லா வருது, போதும். அடுத்து தபேலாவ குடுங்க, டெஸ்ட் பண்ணிருவோம்."

தபேலாக்காரர் தட்டினார். ஞானசிகாமணி முத்துராஜாவைப் பார்த்தான். முத்துராஜா குனிந்து மைக் ஸ்டாண்டைத் திருகிக்கொண்டிருந்தான். பிறகு சாமி பாட்டு தொடங்கியது. அதுவரை சலசலத்த கூட்டம் அடங்கிக் கைகூப்பியது.

ஐந்தாறு பாட்டு கழித்து, திருவிழாக் கமிட்டியார் ஒருவருக்கொருவர் பொன்னாடை போர்த்திக்கொண்டிருந்த இடைவெளியில், செல்வமணி மேடைக்குப் பின்னால் வந்தாள்.

"ஏங்க, டெஸ்டெல்லாம் அப்பவே முடிஞ்சிருச்சே, ஒங்க பாட்ட எப்ப வாசிக்கச் சொன்னாக? பாப்பா தூங்கித் தூங்கி விழுறா."

அவனால் அவள் முகத்தைப் பார்க்க முடியவில்லை. கம்பியை முறுக்குவதுபோல் குனிந்துகொண்டான்.

"இனிமேத்தான். அங்கன போய் உக்காரு."

அவள் போய் மகளை உலுக்கி எழுப்பி, பாட்டில் தண்ணீரால் முகம் துடைத்து, மடியில் நிமிர்த்தி உட்கார வைத்தாள். முத்துராஜா ஒரு சினிமாப் பாட்டைத் தொடங்கினான். ஞானசிகாமணி பின்னால் நின்று பேஸ் வாசித்தான். அந்தப் பாட்டு முடிந்ததும், அடுத்தது முடிந்ததும், செல்வமணி மகளின் காதில் ஏதோ சொல்லி மேடையைக் காட்டினாள்.