கோட்டைக்குள் ஒரு வாய்த் தண்ணீர்

மகளுக்குப் பக்கத்தில் இருக்கலாம் என்றுதான் உக்கிரபாண்டி அந்தக் காவல் வேலைக்கு ஒத்துக்கொண்டான். நரிக்குடியில் மழை பொய்த்து, வீட்டுச் சுவரும் உட்கார்ந்துவிட்ட வருஷம். உலகச் சண்டைக்காலம் வேறு, அரிசி கண்ணில் படுவதே அபூர்வம். சர்க்கார் வேலை, மாசச் சம்பளம், ஒரே மகள் ராக்கம்மாளைக் கட்டிக்கொடுத்த வேலாங்குளத்துக்குக் கூப்பிடு தூரம். வேறென்ன வேணும்? அவன் பெண்டாட்டி குருவம்மாள் மாரியம்மனுக்குத் தேங்காயே உடைத்துவிட்டாள். பாவி மனுஷி, ஒரு வார்த்தை விசாரித்துவிட்டு உடைத்திருக்கலாம்.

வேலாங்குளம் கோட்டை மண்கோட்டை. பாளையக்காரர் ஒருவர் கும்பினிக்காரனை எதிர்த்து நின்ற இடம். பீரங்கி உடைத்தது போக மிஞ்சின மதிலையும் ரெண்டு கொத்தளத்தையும் சர்க்கார் இப்போது முள்ளுக்கம்பி கட்டிக் காப்பாற்றுகிறது. உடைத்தவனே காவலுக்கும் ஆள் போடுகிறான், கேட்க நாதியில்லை. காவல்காரன் உள்ளேயே குடியிருக்க வேண்டும் என்று உத்தரவு. மதிலை ஒட்டி ஓட்டுவீடு ஒன்றும் கட்டியிருந்தார்கள்.

குடிவந்த பிறகுதான் சங்கதி தெரிந்தது. முற்றுகையில் உள்ளே மாட்டிக்கொண்ட சனம் தண்ணீரில்லாமல் நாக்கு வறண்டு செத்ததாம். அதில் தப்பிப் பிழைத்தவர்கள் வம்சம்தான் வேலாங்குளத்துச் சனம். அந்த ஊரில் பிறந்தவர்களும் வாக்கப்பட்டு வந்தவர்களும் கோட்டைக்குள் ஒரு வாய்த் தண்ணீர் குடிப்பதில்லை. குடித்தால் ஊரோடு ஒட்டுமில்லை, உறவுமில்லை. பெண் கேட்டு வந்தபோது இதை ஏன் சொல்லவில்லை என்றால், சம்பந்தக்காரர் கோட்டைக்குள் குடியேறுவார் என்று யார் கண்டது!

தண்ணீர் குடிக்கக்கூடாத வீட்டில் எவள் வந்து உட்காருவாள்? விறகுக்கு வரும் பெண்கள் கம்பிக்கு வெளியே நின்று ரெண்டு வார்த்தை பேசிவிட்டுப் போனார்கள். உக்கிரபாண்டியோ வாயைத் திறந்தால் முத்து உதிர்ந்துவிடும் ஆள். பகலெல்லாம் மதிலைச் சுற்றினான், இருட்டினால் படுத்தான். எப்போதாவது மதுரைப் பக்கமிருந்து கோட்டை பார்க்க வருகிறவர்கள்தான் செம்பு செம்பாய் வாங்கிக் குடித்தார்கள். மகராசனா இருங்க என்று குருவம்மாளும் ஊற்றினாள். ஊற்றும்போதெல்லாம் வயிறு எரிந்தது. யார் யாரோ குடிக்கிறான், பெத்த மக குடிக்க முடியலையே!

இந்த நேரத்தில் ராக்கம்மாள் முழுகாமல் இருந்தாள். தலைப்பிரசவம் தாய்வீட்டில்தானே? குருவம்மாள் சம்பந்தி பெத்தம்மாளிடம் போய் நின்றாள்.

"மதினி, ஏழாம் மாசம் புள்ளையக் கூட்டிட்டுப் போறேன்."

"எங்கிட்டு? கோட்டைக்குள்ளயா? அம்புட்டு நாளும் தண்ணி குடிக்காம இருப்பாளாக்கும்?"

"கம்பிக்கு வெளிய ஒரு குடிசை போட்டுக்கிறோம்."

"தலைப்பிள்ளைக்காரிய நரி திரியிற காட்டுலயா போடுவீக? பேறுகாலம் இங்கனயே ஆகட்டும் மதினி. நீங்க வந்து பாத்துட்டுப் போங்க."

பெத்தம்மாள் பேச்சில் கோபமே இல்லை. அதுதான் குருவம்மாளுக்கு ஆத்திரம். கோபமாய்ப் பேசியிருந்தால் பதிலுக்கு நாலு கொடுத்துவிட்டாவது வந்திருக்கலாம்.

கொஞ்ச நாள் கழித்து, வெயில் உச்சிக்கு வந்த நேரத்தில் ராக்கம்மாள் தனியாக வந்தாள். கோட்டையைப் பார்க்க ஆசையாயிருக்கிறது என்று மாமியாரிடம் சொன்னாளாம். வெளியூர்ச் சனம் மாதிரி அவளும் கொத்தளத்தில் ஏறினாள், துப்பாக்கி நீட்டுகிற ஓட்டையில் கண்ணை வைத்துப் பார்த்தாள். குருவம்மாள் கூடவே நடந்தாள். வாய் ஓயவில்லை. உடும்பு எந்தப் பொந்தில் இருக்கிறது, எந்தத் துரை எந்த இடத்தில் வழுக்கி விழுந்தான், காற்றடித்தால் மதில் எப்படி ஊளையிடுகிறது, எல்லாம் சொன்னாள். ராக்கம்மாள் நின்றுவிட்டாள்.

"இம்புட்டுப் பேச்சையும் யாருகிட்டயும் பேசாமயா ஆத்தா வச்சிருந்த?"

குருவம்மாள் முந்தானையை உதறிக்கொண்டு வீட்டைப் பார்த்து நடந்தாள்.

வீட்டு வாசற்படியில் வந்து உட்கார்ந்தாள் ராக்கம்மாள். "தண்ணி குடு ஆத்தா."

"கம்பிக்கு அங்கிட்டு வா, ஊத்துறேன்."

"இங்கனதான் குடிப்பேன். அவுக என்ன செய்வாக, சேக்க மாட்டாக. சேக்காட்டிப் போகட்டும். நான் ஒங்கூடவே இருந்துக்கிறேன். நீ இப்பிடி ஒத்தையில கெடக்குறதப் பாத்துட்டு எப்பிடிப் போறது?"

குருவம்மாள் உள்ளே போய்ச் செம்பில் மொண்டு வந்தாள். ஒரே ஒரு வாய். அப்புறம் மகள் இங்கேதான், பேரப்பிள்ளை இங்கேதான், விடிந்தால் பேச்சுத்துணை. கொடுத்துவிடத்தான் நினைத்தாள், பொய் சொல்வானேன். செம்பை நீட்டியும் விட்டாள். ராக்கம்மாளும் கை நீட்டினாள்.

பிறக்கப்போகிற அந்தப் பிள்ளை நடக்கிற வயசில் கம்பியைப் பிடித்துக்கொண்டு, அந்தப்புறம் விளையாடுகிற பிள்ளைகளைப் பார்த்து நிற்கும் என்று அப்போதுதான் அவளுக்குத் தோன்றியது. விடிந்ததிலிருந்து இருட்டுகிறவரை அப்படி நிற்பது எப்படியிருக்கும் என்று அவளைவிட யாருக்குத் தெரியும்?

செம்பைச் சடக்கென்று இழுத்தாள். அண்ணாந்து தானே குடித்தாள். மகள் பார்க்கப் பார்க்க, மடக் மடக்கென்று, மூச்சு விடாமல், மாராப்பெல்லாம் நனைய முழுசையும் குடித்தாள்.

"அம்புட்டுத்தான் தண்ணி. பானை காலி. ஒங்க வீட்டுல போயிக் குடி, போ."

பானை அவள் முதுகுக்குப் பின்னால் தளும்பத் தளும்ப இருந்தது. ராக்கம்மாள் அதைப் பார்த்தாள், தாயைப் பார்த்தாள். பிறகு படியில் கையை ஊன்றி எழுந்து, புஞ்சை வழியே நடந்தாள்.

"வெயிலா இருக்கு, முக்காடு போட்டுக்கத்தா!" என்று கத்தினாள் குருவம்மாள். அவள் போட்டுக்கொண்டாளா என்று கண்ணீரில் தெரியவில்லை.

அன்றைக்குச் சாயங்காலம் வரைக்கும் கோட்டை பார்க்க வேறு யாரும் வரவில்லை.