சிராகலி கொடுத்த சமோவார்

சிராகலிக்கு வாய் மட்டும் கொஞ்சம் சிறியதாக இருந்திருந்தால் அவன் பெண்டாட்டி தாவூஸுக்கு அன்று காலை இந்தப் பாடு வந்திருக்காது. விடிந்ததிலிருந்து அவள் வீட்டுக்கும் தொழுவத்துக்குமாக நடந்துகொண்டே இருந்தாள். ஆட்டுக்குத் தண்ணீர் காட்டினோமா இல்லையா என்று மறந்துபோய் மறுபடியும் காட்டினாள். அடுப்புச் சுவரில் ஒட்டிய ரொட்டி கருகி உள்ளே விழுந்தது. அதை எடுக்கப் போய் விரலைச் சுட்டுக்கொண்டாள். நண்பகலில் நிஷாப்பூர் நகரத்து பஸ் வந்து திரும்பிப் போகும். அதோடு அவள் மகள் ஷம்சியின் சமோவாரும், டீ கொதிக்கவைக்கும் அந்தப் பித்தளைப் பாத்திரமும், போய்விடும்.

நடந்தது இதுதான். மூன்று குளிர்காலத்துக்கு முன்பு கெர்டா என்ற ஹாலந்துக்காரி எங்கள் ஊருக்கு வந்து சிராகலி வீட்டு மாடி அறையில் குடியிருந்தாள். நாங்கள் என்ன தின்கிறோம், செத்தவரை எப்படிக் குளிப்பாட்டுகிறோம், ஊற்றடியில் பெண்கள் எதற்குச் சண்டை போடுகிறோம் என்று எல்லாவற்றையும் எழுதினாள். எங்களோடு வாழ்ந்த கதையைப் புத்தகமாகப் போடப்போகிறாளாம். முதலில் அரசாங்கத்து ஆள் என்று பயந்தோம். பிறகு புதையல் தேடுகிறாள் என்று நினைத்தோம். கடைசியில் பாவம், ஏதோ கிறுக்கு என்று முடிவு கட்டியபின் எல்லோருக்கும் நிம்மதியாகிவிட்டது. சும்மா சொல்லக்கூடாது, நல்ல மனுஷி. நாங்கள் அவளை அம்மா என்கிற மரியாதையோடு கானும் என்போம், அவள் எங்கள் ஆண்களை ஐயா என்கிற மரியாதையோடு ஆகா என்பாள். தாவூஸ் காய்ச்சலில் கிடந்த மாசிப் பனியில் அவள்தான் ஆட்டுக்குப் புல் போட்டு, தாவூஸின் தலையை மடியில் வைத்துக் கஞ்சி புகட்டினாள்.

ஊருக்குத் திரும்புகிறவளுக்கு நேற்று மாலை விருந்து. கோழியும் சோறும், மேலே சிவப்புப் புளிப்புப் பழம் தூவி, தாவூஸ் குறை வைக்காமல் செய்திருந்தாள். சிராகலிக்கு அது போதவில்லை. பெட்டியில் துணி சுற்றி வைத்திருந்த ஷம்சியின் கல்யாண சமோவாரைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டான்.

"சீர்ப் பொருளுங்க அது. எடுக்காதீங்க" என்று தாவூஸ் சமையலறை வாசலிலேயே மறித்தாள்.

"ஒரு தடவ டீ போட்டா தேஞ்சா போயிடும்? ஊர்ல இருக்கறவங்க கண்ணு குளிரப் பாக்கட்டும்."

பார்த்தார்கள். விளக்கொளியில் பித்தளை தகதகவென்று இருந்தது. கெர்டா கைதட்டாத குறையாக, "எவ்வளவு அழகா இருக்கு" என்றாள்.

எங்கள் பக்கம் ஒரு பொருளை ஒருவர் மெச்சினால், உடையவர் "உங்களுக்கே, எடுத்துக்கோங்க" என்று சொல்லவேண்டும். மெச்சியவர் வேண்டாம் என்று சொல்லவேண்டும். மூன்று முறை இப்படி ஆனபின் டீயைக் குடித்துவிட்டு அவரவர் வேலையைப் பார்க்கலாம். பால்குடி மறந்த பிள்ளைக்குக்கூட இது தெரியும். கெர்டாவுக்குத்தான் முதல் வருஷம் தெரியவில்லை. ஒரு கிழவரின் கைத்தடியை நல்லாயிருக்கு என்று சொல்லி, அவர் கொடுக்க, வாங்கிக்கொண்டு வந்துவிட்டாள். கிழவர் சுவரைப் பிடித்துக்கொண்டே வீடு போய்ச் சேர்ந்தார். அந்தச் சிரிப்பு அடங்க வெகுநாள் ஆனது. அதற்குப் பிறகு அவள் கற்றுக்கொண்டாள். நேற்றும் சிராகலி மூன்று முறை சொல்ல, அவளும் மூன்று முறை அழகாக மறுத்தாள். அதோடு முடிந்திருக்கவேண்டும்.

சிராகலியின் அண்ணன் யதுல்லா மூலையில் உட்கார்ந்து பல் குத்திக்கொண்டிருந்தார். "தம்பி வாயால குடுக்கறதுல ராஜா" என்றார். "கையால குடுத்து நான் பாத்ததில்ல."

அவ்வளவுதான். சிராகலிக்கு ரத்தம் காதுவரை ஏறியது. சமோவாரைத் தூக்கிக் கெர்டாவின் முன்னால் வைத்து, "கானும், இத நீங்க எடுத்துக்கலேன்னா என் சாவு மேல ஆணை" என்றான்.

கெர்டா அவன் முகத்தையே பார்த்தாள். கண் கலங்கியது. இரண்டு கையாலும் சமோவாரைத் தொட்டு, "சரிங்க ஆகா" என்றாள்.

யதுல்லா பல்குச்சியை வாயிலிருந்து எடுத்தார். சிராகலி சிரித்துக்கொண்டே இருந்தான். அந்தச் சிரிப்பை முகத்திலிருந்து எப்படி இறக்குவது என்று அவனுக்குத் தெரியவில்லை.

நாளைக்கு வெள்ளிக்கிழமை. மாப்பிள்ளையின் தாய் கொல்சூம் தன் பெண்டுகளைக் கூட்டிக்கொண்டு சீர் பார்க்க வருகிறாள். வந்து ஒவ்வொன்றாகத் தொட்டுத் திருப்பிப் பார்ப்பாள். ஷம்சிக்கு இது இரண்டாவது சம்பந்தம். முதல் சம்பந்தத்தில் சிராகலி நெஞ்சை நிமிர்த்தித் தையல் மெஷின் தருவதாகச் சொல்லிவிட்டான். கண்ணால் கண்ட மெஷின் ஒன்றும் கிடையாது. சீர் பார்க்க வந்தவர்கள் வெறும் மூலையைப் பார்த்துவிட்டு எழுந்து போனார்கள். ஷம்சி ஒரு வருஷம் ஊற்றடிக்கு வரவில்லை. இந்த முறை அப்படி ஆகிவிடக்கூடாது என்றுதான் தாவூஸ் ஆசையாக வளர்த்த கன்றை விற்று சமோவார் வாங்கி, கொல்சூமிடம் தன் வாயாலேயே சொல்லிவைத்தாள். இன்னொரு தரம் வெறும் மூலையைக் காட்டினால் பொய்யர் வீடு என்று பெயர் நிலைத்துவிடும். பிறகு ஷம்சியை எவன் கேட்டு வருவான்?

"போய்க் கேளுங்க" என்றாள் தாவூஸ், தொழுவத்தில் ஒளிந்துகொண்டிருந்த புருஷனிடம்.

"என்னத்தக் கேக்க?"

"ம், மழை எப்ப வரும்னு கேளுங்க. சமோவார, ஷம்சி அப்பா, சமோவார."

"சாவு மேல ஆணை வெச்சுக் குடுத்தத திருப்பிக் கேக்கவா? அதுக்கு என்னக் கொன்னு போட்டுடு."

"உங்களக் கொன்னா சமோவார் வருமா?"

"அண்ணன் ஊரெல்லாம் சொல்லிச் சிரிப்பாரு."

"உங்க அண்ணன் சிரிக்காம இருக்க நான் பொண்ண வீட்டுலயே வெச்சுக்கணுமா?"

அவன் கழுதையின் முதுகைத் தேய்த்துக்கொண்டே இருந்தான். கழுதைக்கே போதும் என்றாகிவிட்டது. அது நகர்ந்து நின்றது. தாவூஸுக்கு அழுகையும் ஆத்திரமும் சேர்ந்து வந்தது. ஷம்சியோ வீட்டுக்குள் சீர்ப் பெட்டியைத் திறந்து, சமோவார் இருந்த இடத்தில் இரண்டு தலையணையை வைத்து அமுக்கிப் பார்த்துக்கொண்டிருந்தாள். தாவூஸுக்கு அதைப் பார்க்கப் பொறுக்கவில்லை.

ஒரு தட்டில் உலர்ந்த முசுக்கட்டைப் பழத்தை அள்ளிக்கொண்டு மாடி ஏறினாள். எப்படிக் கேட்பது என்று ஒவ்வொரு படிக்கும் ஒரு மாதிரி யோசித்தாள். சுற்றி வளைத்துக் கேட்கலாமா, உடைத்துக் கேட்கலாமா, ஷம்சிக்குக் காய்ச்சல் என்று சொல்லலாமா. ஷம்சிக்குக் காய்ச்சல் வந்தால் சமோவார் எதற்கு என்று அவளுக்கே கோபம் வந்தது.

கெர்டா தன் நல்ல கம்பளிச் சால்வையால் சமோவாரைச் சுற்றிக்கொண்டிருந்தாள். மற்ற மூட்டையெல்லாம் கட்டியாகிவிட்டது.

"வாங்க தாவூஸ் அக்கா. நல்ல நேரத்துக்கு வந்தீங்க. புத்தகத்தோட கடைசிப் பக்கத்த ராத்திரி எழுதி முடிச்சுட்டேன். உங்களுக்குத்தான் முதல்ல சொல்லணும்னு இருந்தேன்."

உட்கார்ந்து, தன் பாஷையில் எழுதியதை எங்கள் பேச்சில் சொல்லிக்கொண்டே வந்தாள். மூன்று வருஷமாக இந்த ஊரில் எந்த வார்த்தை நிஜம், எது மரியாதைக்குச் சொல்வது என்று தெரியாமல் தவித்தேன். சாப்பிட வா என்றார்கள், போனால் அடுப்பில் நெருப்பே இல்லை. போகாவிட்டால் முகம் வாடியது. என்னைப் பிடித்திருக்கிறதா, எப்போது தொலைவேன் என்று பார்க்கிறார்களா, தெரியாமல் எத்தனையோ நாள் அழுதிருக்கிறேன். நேற்று ஒரு ஏழை மனிதர் தன் உயிரின் மேல் ஆணையிட்டுத் தன் வீட்டின் நல்ல பொருளை என் கையில் வைத்தார். இனி நான் விருந்தாளி இல்லை. இப்படி முடித்திருந்தாள்.

"நல்லா இருக்கு கானும்" என்றாள் தாவூஸ்.

கெர்டா அவளை உற்றுப் பார்த்தாள். "அக்கா, பழத் தட்டக் கீழ வெக்காம ஏன் பிடிச்சுக்கிட்டே இருக்கீங்க? சமோவார நெனச்சா? வேணும்னா சொல்லிடுங்க. நான் தப்பா நெனைக்க மாட்டேன்."

இதற்குத்தானே வந்தாள். வேணும் என்று சொன்னால் முடிந்தது. ஆனால் தாவூஸின் வாய் நாற்பது வருஷமாகப் பழகிய வாய். "என்ன பேச்சு இது கானும், சமோவார் என்ன, என் கண்ணக் கேட்டாலும் உங்களுக்குத்தான்" என்று அது தானாகச் சொல்லிவிட்டது.

"நெஜமாவா அக்கா? ஷம்சிக்கு வேண்டாமா?"

"அவளுக்கு வேற வாங்கிக்கலாம். நீங்க கொண்டு போங்க."

இரண்டாகிவிட்டது. இன்னும் ஒரு முறை கேட்டால் போதும், தலையை ஆட்டிவிடலாம் என்று தாவூஸ் மூச்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். கெர்டா கேட்கவில்லை. நெஞ்சில் கைவைத்து, "நன்றி அக்கா" என்றாள். அதோடு விட்டதா? சால்வைக்கு மேலே கயிறு சரியாக விழவில்லை என்று கெர்டா திணற, தாவூஸே முழங்காலை ஊன்றி, இழுத்து, இரட்டை முடிச்சுப் போட்டுக் கொடுத்தாள். நாக்கைப் பிடுங்கிக்கொண்டு சாகலாம்போல இருந்தது.

நண்பகலில் ஊரே பஸ் நிற்கும் மாவு ஆலையடியில் கூடிவிட்டது. சிராகலி நல்ல கோட்டைப் போட்டுக்கொண்டு வந்து நின்றான். யதுல்லா அவன் பக்கத்திலேயே நின்றார், வேடிக்கையை விடுவாரா? டிரைவர் ஹபீப் மூட்டைகளை ஒவ்வொன்றாகக் கூரையில் ஏற்றினான். கடைசியாகச் சமோவார் போனது. கெர்டா எல்லாப் பெண்களையும் கட்டிக்கொண்டு முத்தம் கொடுத்தாள். தாவூஸைக் கொஞ்சம் அதிக நேரம் கட்டிக்கொண்டாள். பிறகு ஏறி உட்கார்ந்தாள். இஞ்சின் உறுமியது.

ஹபீப் கதவைச் சாத்தப் போகும்போது தாவூஸ் படியில் காலை வைத்தாள்.

"கெர்டா கானும், அந்த சமோவார இறக்கச் சொல்லுங்க. எம் பொண்ணுக்கு வேணும். நாளைக்குச் சீர் பாக்க வர்றாங்க."

குரல் அவளுக்கே அந்நியமாக இருந்தது. "என்னடி இது" என்று பின்னால் கூட்டத்தில் ஒருத்தி முனகினாள். சிராகலியின் முகத்தைத் திரும்பிப் பார்க்கத் தாவூஸுக்குத் தைரியம் வரவில்லை.

கெர்டாவின் முகத்தில் ரத்தமே இல்லை. மடியில் இருந்த பையை அழுத்திப் பிடித்தாள். அதற்குள்தான் அவள் எழுதிய பக்கங்கள் எல்லாம் இருந்தன. கொஞ்ச நேரம் தாவூஸைப் பார்த்தாள், அவளுக்கு அப்பால் சுண்ணாம்பாக வெளுத்து நின்ற சிராகலியைப் பார்த்தாள், அவன் தோளுக்குப் பின்னால் உதட்டை மடித்துச் சிரிக்கத் தயாராக இருந்த யதுல்லாவையும் பார்த்தாள். பிறகு எழுந்து படிக்கு வந்தாள்.

"சிராகலி ஆகா" என்றாள் ஊருக்கே கேட்கும்படி. "நேத்து நீங்க குடுத்தீங்க, நான் வாங்கிட்டேன். இப்ப அது என் பொருள். ஷம்சி கல்யாணத்துக்கு நான் இருக்க முடியலையேன்னு மனசு அடிச்சுக்குது. அதனால என் சார்பா இத அவளுக்குச் சீராத் தர்றேன். உங்க வீட்டுக்காரிகிட்ட இறக்கிக்கச் சொன்னது நான்தான். வேண்டாம்னு சொன்னீங்கன்னா என் சாவு மேல ஆணை."

எங்களில் பிறந்தவள்கூட இவ்வளவு சுத்தமாகப் பொய் சொல்லியிருக்கமாட்டாள். யதுல்லாவின் வாய் திறந்தபடி நின்றது. கூட்டத்தில் பெண்கள் "நூறு வருஷம் இரு தாயி" என்றார்கள். சிராகலிக்கு உயிர் வந்தது. வந்த கையோடு கோட்டை இழுத்துவிட்டுக்கொண்டு, "அது எப்படி கானும், குடுத்தத நாங்க" என்று ஆரம்பித்தான்.

தாவூஸ் அவன் காலை மிதித்தாள். நன்றாகவே மிதித்தாள். ஹபீப் இறக்கிய மூட்டையை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டாள்.

கெர்டா ஜன்னலோரம் போய் உட்கார்ந்தாள். தாவூஸ் மூட்டையோடு ஜன்னலுக்குக் கீழே போய் நின்றாள். அந்தக் கடைசிப் பக்கத்தை இவள் இப்போது என்ன செய்வாள் என்று நினைத்தபடி அண்ணாந்து பார்த்தாள்.

"அக்கா" என்றாள் கெர்டா மெதுவாக. "நான் மறுபடியும் வரலாமா?"

"வாங்க கானும். இது உங்க வீடு."

யார் கேட்டாலும் நாங்கள் சொல்வது அதுதான். வரி கேட்க வருகிறவனிடமும் அதைத்தான் சொல்வோம். ஆனால் தாவூஸ் அதை மனதாரச் சொன்னாள். மாசிப் பனியில் கஞ்சி புகட்டிய கையை நினைத்துக்கொண்டு சொன்னாள். கெர்டா அவள் முகத்தில் எதையோ தேடினாள். தேடித் தேடிப் பார்த்துவிட்டு, நெஞ்சில் கைவைத்து மரியாதையாகத் தலையைத் தாழ்த்தினாள்.

பஸ் நகர்ந்தது. தாவூஸ் சமோவாரை இடுப்பில் இடுக்கிக்கொண்டு புழுதியில் பின்னாலேயே ஓடினாள். "நெஜமாத்தான் சொல்றேன், வாங்க" என்று கத்தினாள். "மரியாதைக்குச் சொல்லல, நெஜமாத்தான்." அதையும்தான் நாங்கள் எல்லோரிடமும் சொல்வோம் என்பது ஓடும்போதே அவளுக்கு நினைவு வந்தது. ஆனாலும் ஆலைச் சுவர் திரும்பும்வரை அதையே கத்திக்கொண்டு ஓடினாள்.